ஒரு பக்கம் மட்டும் மெருகேறிய கல்

என் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு படிகக் கல் இருக்கிறது. பாதி எலுமிச்சம்பழ அளவுதான். ஒரு பக்கம் மெருகேறி வழவழவென்று இருக்கும். மறுபக்கம் காட்டு மண்ணில் கிடந்தபடியே சொரசொரப்பு. இரவு அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, கொசுவலையைச் செருகிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதைக் கையில் எடுப்பேன். சொரசொரப்பில் கட்டைவிரலை வைத்து மெதுவாக வழவழப்புப் பக்கம் நகர்த்துவேன். அன்றைக்கு எனக்கு நல்லது செய்த ஒருவரை நினைத்துக்கொள்வேன். அவர் பெயர், செய்த காரியம், அதனால் எனக்கு என்ன ஆனது. அவ்வளவுதான், இரண்டு நிமிடம்கூட ஆகாது. மூன்று வருடத்துக்கு மேலாக இப்படிச் செய்து வருகிறேன்.

கல்லை வைத்து மனதையும் உடம்பையும் சரிசெய்யலாம் என்ற பேச்சு இப்போது நம் ஊர்களிலும் நிறையக் கேட்கிறது. நானும் அந்த வழியாக வந்தவள்தான். பணம் போனது, உடம்பும் கெட்டது. ஆனாலும் கல்லை நான் விடவில்லை. எதை விட்டேன், எதை வைத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

அப்பா போன பிறகு அம்மா ஈரோட்டில் எங்களோடுதான் இருக்கிறார். 2021 ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு திரும்பியது, பேச்சு கொஞ்சம் வந்தது, கை இன்னும் வரவில்லை. நான் துணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். காலை நாலரைக்கு எழுந்து அம்மாவைச் சுத்தம் செய்து, சாப்பாடு ஊட்டி, ஆள் வந்ததும் வேலைக்கு ஓடி, மாலை வந்து கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுத்து, சமைத்து முடிக்க மணி பத்தாகிவிடும். பெங்களூரில் இருக்கும் தம்பி மாதம் ஒருமுறை போனில் பேசுவான். படுத்தால் தூக்கம் வராது. அவனிடம் சொல்லாமல் விட்ட வார்த்தைகள் எல்லாம் அப்போதுதான் வரிசையாக வந்து நிற்கும்.

2022 தொடக்கத்தில் அலுவலகத் தோழி ஒருத்தி சொல்லி, ஏழு கல் அடங்கிய பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 1,850 ரூபாய். தூக்கத்துக்கு ஊதா நிறச் செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்), மன்னிப்புக்கு ரோஸ் குவார்ட்ஸ், பணத்துக்கு மஞ்சள் சிட்ரின், மற்ற கற்களைச் சுத்தப்படுத்த வெள்ளை செலினைட் என்று கூடவே ஒரு அட்டை. பிறகு 3,500 ரூபாய் கட்டி 21 நாள் வகுப்பு. கற்களைச் சுற்றிலும் பரப்பி, தினமும் பத்து நன்றி எழுத வேண்டும். ரோஸ் குவார்ட்ஸை நெஞ்சின் மேல் வைத்துக் கால் மணி நேரம் படுக்க வேண்டும்.

முதல் வாரம் நன்றாகவே இருந்தது. கல்லை நெஞ்சில் வைத்துப் படுத்ததும் அழுகை வந்தது, அழுததும் லேசாக இருந்தது. அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். ஆனால் மூன்றாவது வாரத்தில் நோட்டைப் புரட்டினால் ‘காற்றுக்கு நன்றி, தண்ணீருக்கு நன்றி, என் இரண்டு கண்களுக்கு நன்றி’ என்று நேற்று எழுதியதே இன்றும் இருந்தது. பள்ளியில் எழுதிய இம்போசிஷன் மாதிரி. கை எழுதும், மனசு நாளைய பில்லை யோசித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் நடந்ததுதான் பெரிய தப்பு. எனக்குப் பத்து வருடமாகத் தைராய்டு குறைவு உண்டு; தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அதை நிறுத்தச் சொல்லி வகுப்பு நடத்தியவர் நேராகச் சொல்லவில்லை. ‘உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்போது ரசாயனம் எதற்கு’ என்று பொதுவாகச் சொன்னார். தொண்டைக்கு என்று ஒரு நீலக்கல் கொடுத்து அதைக் கயிற்றில் கட்டிக்கொள்ளச் சொன்னார். நான் மாத்திரையை இரண்டு மாதம் விட்டுவிட்டேன். அந்த இரண்டு மாதமும் எனக்கு நல்ல தூக்கம். உட்கார்ந்த இடத்தில் தூங்கினேன். செவ்வந்திக்கல் வேலை செய்கிறது என்று தோழியிடம் சந்தோஷமாகச் சொன்னேன். முகம் உப்பி, முடி கொத்தாக வந்து, மாடிப்படி ஏற முடியாமல் போன பிறகுதான் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். தைராய்டு குறைந்தால் ஏறும் டிஎஸ்எச் அளவு, மூன்றில் இருந்தது 22-க்கு ஏறியிருந்தது. கல் கொடுத்த தூக்கம் என்று நான் நினைத்தது தைராய்டு மாத்திரை இல்லாத உடம்பின் சோர்வு.

இதைப் படிப்பவர்களில் யாராவது கல்லை நம்பி சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு எதற்கான மாத்திரையையாவது குறைத்திருந்தால் நாளைக்கே உங்கள் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். கல் உங்களிடமே இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்.

அந்தப் பெட்டியை மூடிப் பரண் மேல் போட்டுவிட்டேன். 2023 தையில் சிவன்மலைத் தேருக்குப் போனோம். பக்கத்தில் காங்கேயத்தில் சித்தப்பாவுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் கல் பட்டை தீட்டுகிறார். காங்கேயம் என்றால் காளை ஞாபகம் வரும். ஆனால் அந்தச் சுற்று வட்டாரக் காடுகளில் படிகமும் நிலாக்கல்லும் நீலப்பச்சைக் கல்லும் காலங்காலமாகக் கிடைக்கின்றன. மழை பெய்து மண் கழுவிப் போனதும் உழவு காட்டில் கண்ணை ஓட்டிக்கொண்டு நடப்பவர்களை அங்கே பார்க்கலாம். படியூரில் 200 வருடத்துக்கு முன்பே வெள்ளைக்காரர்கள் நீலப்பச்சைக் கல்லுக்குச் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் தோண்டியபோது, 2,000 வருடங்களுக்கு முன் படிகத்திலும் சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லிலும் மணி செய்த பட்டறைகளே கிடைத்தன. சங்கப் பாட்டில் கொடுமணம் என்று வரும் ஊர் அது. இத்தனையும் என் வீட்டிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்க, எங்கிருந்தோ வந்த பெட்டியை நம்பிக்கொண்டிருந்தேனே என்று அங்கே போனதும் தோன்றியது.

பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன். பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸை வைத்துப் பார்த்தார்.

‘இந்த மஞ்சக் கல்லு சுட்டதுங்க அம்மிணி. ஊதாக் கல்லைச் சூளையில வெச்சா இப்படி மஞ்சளாயிரும்.’

செவ்வந்திக்கல்லும் படிகமும் ஒரே வகைதான். உள்ளே துளி இரும்பும், பூமிக்குள் காலங்காலமாகப் பட்ட கதிர்வீச்சும் சேர்ந்து ஊதாவாக்குகின்றன. சில நூறு டிகிரி சூட்டில் அந்த ஊதா மஞ்சளாகிவிடும். சந்தையில் சிட்ரின் என்று விற்பதில் பெரும்பகுதி இப்படிச் சுட்டதுதான். என் செவ்வந்திக்கல் வெளுத்திருந்ததற்கும் அவரே காரணம் சொன்னார். ‘சக்தி ஏற’ ஜன்னலில் வெயில் பட வைத்திருந்தேன். வெயிலில் அந்த நிறம் போகும். செலினைட்டை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மங்க வைத்ததும் நானேதான். அது ஜிப்சம், எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போடும் பொடிக்கு மூலப்பொருள். நகத்தாலேயே கீறிவிடலாம், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஈரத் துணிகூட வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். படிகத்தையும் செவ்வந்திக்கல்லையும் சாதாரணத் தண்ணீரில் கழுவலாம். கல் போட்ட தண்ணீரைக் குடிக்கும் பழக்கம் மட்டும் எந்தக் கல்லிலும் வேண்டாம். மாலகைட் மாதிரி பச்சைக் கல்லில் செம்பு இருக்கிறது.

கடைசியாக ரோஸ் குவார்ட்ஸ். பெரியவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் நீட்டினார். உள்ளே உருண்டையாக இரண்டு குமிழி.

‘இது கல்லே இல்லைங்க, கண்ணாடி.’

படிகம் உடம்புச் சூட்டைக் கண்ணாடியைவிட வேகமாக வாங்கிக்கொள்ளும். அதனால்தான் கன்னத்தில் வைத்தால் சட்டென்று ஜில்லென்று இருக்கும். என் பாட்டி தன் ஸ்படிக மாலையைக் குளிர்ச்சி என்று சொல்லிப் போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. பாட்டி சொன்னது பொய்யில்லை, தொட்டால் குளிரும் கல்தான் அது.

பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க அந்தக் கண்ணாடித் துண்டைப் பற்றித்தான் யோசித்தேன். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அழுதேன், லேசானேன். அந்த நிம்மதி பொய்யா? பொய்யில்லை. அம்மா விழுந்த நாளிலிருந்து யாரும் கூப்பிடாமல், எதையும் செய்யாமல் நான் கால் மணி நேரம் படுத்திருந்தது அப்போதுதான். 2001-ல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் என்ற உளவியலாளர் செய்த சோதனையைப் பிறகு படித்தேன். 80 பேரைத் தியானத்தில் உட்கார வைத்து, சிலர் கையில் உண்மைப் படிகமும் சிலர் கையில் போலியும் கொடுத்தார்கள். கதகதப்பு, சிலிர்ப்பு, மன அமைதி என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சொன்னார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நானே அந்தச் சோதனையைத் தெரியாமல் செய்து பார்த்தவள்.

கல்லுக்குள் அதிர்வுச் சக்தி இருக்கிறது என்பதற்குக் குவார்ட்ஸ் கடிகாரத்தை உதாரணம் காட்டுபவர்கள் உண்டு. குவார்ட்ஸ் என்பது படிகம்தான். கடிகாரத்துக்குள் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்வது உண்மைதான். ஆனால் அதை அதிர வைப்பது பேட்டரியின் மின்சாரம். மேசைமேல் சும்மா இருக்கும் கல் அப்படி அதிர்வதில்லை.

இவையெல்லாம் தெரிந்த பிறகும் நான் கல்லை வைத்திருக்கக் காரணம் அந்தப் பெரியவர்தான். அன்று பட்டறையில் பேசிக்கொண்டே இருந்தவர் இடையிடையே இருமினார். வறட்டு இருமல். சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இப்போதுதான் இப்படித் தண்ணீர் விட்டுத் தீட்டுகிறார்களாம், சின்ன வயதில் எல்லாம் உலர்வாகவே தீட்டியிருக்கிறார். மூக்கில் ஒரு துண்டு. நான் பேச்சோடு பேச்சாக, இந்தக் கல்லெல்லாம் உடம்பைக் குணமாக்கும் என்று விற்கிறார்கள் ஐயா என்றேன். அவர் கோபப்படவில்லை.

‘யாருக்குங்க குணமாச்சு? எங்களுக்கு இந்த இருமலைத்தான் குடுத்துது.’

படிகத் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகும் நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். தழும்பு விழுந்த இடம் திரும்பச் சரியாகாது. காசநோயும் எளிதில் தொற்றும். குஜராத்தில் கம்பாத் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக அகேட் என்ற படிக வகைக் கல் தீட்டுபவர்கள் இந்த நோயில்தான் மூச்சு முட்டிப் போகிறார்கள். நமக்கு மன அமைதிக்கு வரும் வழவழப்பு அவர்கள் நெஞ்சைத் தேய்த்து வந்தது. எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் பேச வரவில்லை.

தீட்டி முடிக்காத ஒரு படிகத்தைக் காட்டி, இதைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். ‘ஒரு பக்கந்தான் ஆயிருக்குதுங்க’ என்றார். அதுதான் வேண்டும் என்றேன். ஐம்பது ரூபாய் போதும் என்றவரிடம் வற்புறுத்தி இருநூறு கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று இரவு கல்லைக் கையில் எடுத்தபோது காற்றும் தண்ணீரும் நினைவுக்கு வரவில்லை. அந்த வழவழப்பில் விரல் பட்டதும் அவர் முகம் வந்தது, இருமல் வந்தது. ஒருவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உடம்பில் உறைத்தது.

அதிலிருந்து வழியை மாற்றிக்கொண்டேன். பத்து கிடையாது, ஒன்று. பொருளுக்கு இல்லை, ஆளுக்கு. ‘என் கணவருக்கு நன்றி’ என்று எழுதினால் மனசு அசையாது. ‘இன்று காலை நான் கேட்காமலே அம்மாவின் படுக்கை விரிப்பை அலசிப் போட்டார், அதனால் பஸ் தவறாமல் போனேன்’ என்று நினைத்தால் அசையும். கல் இதில் செய்வது ஒரே ஒரு வேலை. அது கையில் இருக்கும்வரை கை போனைத் தேடாது. குளிர்ந்த கல் உள்ளங்கைச் சூட்டுக்கு வர ஆகும் நேரம் ஒருவரை முழுதாக நினைக்கப் போதும். இதற்கு ஆற்றங்கரைக் கூழாங்கல்லும் ஆகும், அம்மாவின் பழைய வெற்றிலைப் பாக்கு உரலும் ஆகும். விலை கொடுத்து வாங்கவே வேண்டாம்.

எழுதுவதை வாரம் ஒருமுறை, ஞாயிறு மாலை என்று வைத்துக்கொண்டேன். அமெரிக்க உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பிரிவினர் நன்றி தோன்றிய ஐந்து விஷயம்வரை வாரம் ஒருமுறை எழுதினார்கள், பத்து வாரம். எரிச்சல்களை எழுதியவர்களைவிட அவர்களுக்கு வாழ்க்கையைப் பற்றிய நினைப்பு நன்றாக இருந்தது. வாரம் ஒருமுறை எழுதியவர்கள், மூன்று முறை எழுதியவர்களைவிட அதிகப் பலன் கண்டார்கள் என்று சோனியா லுபொமிர்ஸ்கி என்ற உளவியலாளரின் ஆய்வு ஒன்றும் சொல்கிறது. என் இம்போசிஷன் நோட்டை நினைத்தால் அது சரியாகத்தான் படுகிறது.

தம்பி விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வகுப்பில், உங்களைக் காயப்படுத்தியவருக்கும் ‘பாடம் கற்பித்ததற்காக’ நன்றி சொல்லுங்கள் என்றார்கள். அதைச் செய்த நாட்களில் எல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்தது. இப்போது அதைச் செய்வதில்லை. அவன்மேல் கோபமாக இருக்கும் இரவில் கல்லைச் சும்மா பிடித்துக்கொண்டு இருப்பேன், ஒன்றும் சொல்ல மாட்டேன். சென்ற வருடம் அவனிடம் நேராகவே கேட்டேன், மருந்துச் செலவில் பாதி நீ கொடு என்று. கொடுக்கிறான். கேட்டு வாங்க வேண்டியதைக் கேட்காமல் நன்றி நோட்டில் போட்டு அமுக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல், நம் வீடுகளில் நன்றி என்ற சொல்லையே நாம் சொல்வதில்லை. அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ ‘நன்றி’ என்றால் மேடையில் பேசுவதுபோல் இருக்கும், அவர்களும் என்னமோ ஏதோவென்று பார்ப்பார்கள். ‘நல்லா இருப்பே கண்ணு’ என்பதுதான் எங்கள் பக்கத்து நன்றி, அதையும் பெரியவர்கள்தான் சின்னவர்களுக்குச் சொல்ல முடியும். மனசுக்குள் நினைத்துவிட்டுத் தூங்கிப் போவது எனக்குப் போதவில்லை. அதனால் சொல்லாமல் செய்யும் வழி ஒன்றைப் பிடித்தேன். ஞாயிறு எழுதிய பெயர்களில் ஒருவருக்கு அந்த வாரத்துக்குள் ஏதாவது ஒன்று செய்வது. ஒரு டம்ளர் பாயசம், ஒரு போன், அவர் வீட்டு ரேஷன் கார்டு வேலைக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுப்பது.

ஒருநாள் இரவு அம்மா என் கையைப் பார்த்து, ‘என்ன கண்ணு அது’ என்று குழறலாகக் கேட்டார். இடது கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் செய்வதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்ன வார்த்தை, ‘ஆட்டோ.’

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அம்மா விழுந்த அன்று 108-க்குப் போன் போட்டுவிட்டு நான் தெருவில் நின்று அலறினேன். அடுத்த தெருவில் ஆட்டோ ஓட்டும் பையன் சவாரியில் இருந்தவரை இறக்கிவிட்டு, அம்மாவைத் தூக்கி வைத்து, ஹாரனிலேயே கை வைத்துக்கொண்டு போனான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போட்டார்கள். அம்மாவின் கால் திரும்பியதற்கும் இந்த ஒரு சொல்லைச் சொல்ல முடிவதற்கும் அந்தப் பையனின் அவசரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டணம்கூடக் கொடுத்த நினைவில்லை. ஒன்றரை வருடத்தில் நூற்றுக்கணக்கில் நன்றி எழுதியிருக்கிறேன், அதில் அவன் பெயர் ஒருமுறைகூட இல்லை.

அடுத்த நாள் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். என்னை அடையாளம் தெரிந்ததும், ‘அம்மா எப்படிங்கக்கா இருக்காங்க’ என்றான். வீட்டுக்கு வந்து பார் என்றேன். வந்தான். அம்மா இடது கையைத் தூக்கி அவன் தலையில் வைத்தார். ‘இதுக்கு எதுக்குங்கக்கா இதெல்லாம்’ என்று என்னைப் பார்த்துச் சொன்னான், குனிந்த தலையை எடுக்காமலே. இப்போது அம்மாவை மாதம் ஒருமுறை பரிசோதனைக்குக் கூட்டிப் போவது அவன்தான். மீட்டரில் வருவதை மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம்.

அம்மாவும் சில இரவுகளில் கல்லைக் கேட்பார். வலது கை மூடியே இருப்பதால் அதில் கல்லை வைப்பதில்லை. அதற்குப் பயிற்சியாளர் கொடுத்த மெத்தென்ற பந்துதான். இடது கையில் வைத்துக்கொண்டு ஒரு பெயர் சொல்வார். பெரும்பாலும் எனக்குத் தெரியாத, அவர் சின்ன வயதுப் பெயர்கள். யாரம்மா அது என்று கேட்டால் சிரிப்பார், சில நாள் பாதிக் கதை வரும். தண்ணீர் சேந்திக் கொடுத்தவள், பள்ளிக்கூடத்தில் சிலேட்டுக் குச்சியை உடைத்துப் பாதி கொடுத்தவள். அந்தப் பெயர்களை என் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைக்கிறேன்.

காங்கேயம் பெரியவருக்கு ஒரு பெட்டி என்95 முகக்கவசம் வாங்கிக்கொண்டு போன வருடம் போனேன். துண்டு அந்த நுண்ணிய தூசியைத் தடுக்காது என்று சொன்னேன். வாங்கி வைத்துக்கொண்டார். மகனும் பட்டறையில் உட்கார்ந்திருந்தான். அவனாவது போட்டுக்கொள்கிறான். மார்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்துவிடலாம் ஐயா, நானே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறேன், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும், இல்லையென்றால் காசநோய் என்று மட்டும் நினைத்துவிடுவார்கள் என்றேன். ‘பாக்கலாமுங்க’ என்றார். மூன்று முறை போனிலும் கேட்டுவிட்டேன், அதே பதில். வருகிற கிருத்திகைக்குச் சிவன்மலை போகிறோம். ஆட்டோக்காரத் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான், பெரியவரை ஏற்றிக்கொண்டு அப்படியே மருத்துவமனைக்குப் போய்விட.